சிப்பிக் காளான்: வைக்கோல் படுக்கையிலிருந்து நோயாளியின் தட்டு வரை

ஐப்பசி அடைமழை ஓய்ந்த மறுநாள் காலையில் அரசலாற்றங்கரையோரம் நடந்து செல்வோர் கண்ணில் தவறாமல் படுபவை காளான்கள். வரப்பில், வைக்கோல் போரின் அடியில், பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டையில், வீட்டுக் கொல்லையில் என அவை ஒரே இரவில் தலைகாட்டுகின்றன. அதே நாள்களில் தாராசுரம் சந்தையிலும் கடைகளிலும் சிறு பைகளில் வெண்ணிறச் சிப்பிக் காளான் விற்பனைக்கு வருகின்றது. அப்போது நோயாளிகளின் குடும்பத்தினரிடமிருந்து ஒரு கேள்வியும் வரும்: "அப்பாவுக்குக் காளான் கொடுக்கலாமா? உடம்பு தேறுமா?"

இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. அது எந்தக் காளான், எங்கே வளர்ந்தது, யார் உண்ணப் போகிறார் என்னும் மூன்றும் தெரிந்த பின்னரே "ஆம்" என்றோ "வேண்டாம்" என்றோ சொல்ல முடியும். சிப்பிக் காளான் நல்லுணவு, அதில் ஐயமில்லை. ஆயினும் ஒருவருக்கு வலுவூட்டும் உணவு மற்றொருவருக்குத் துன்பமாகவும் அமையலாம். ஆகவே அதன் பிறப்பிடம் முதல் அடுப்படி வரை அதனை அறிந்துகொள்ள இக்கட்டுரை துணைபுரியும்.

காளான் என்பது யாது?

காளானைக் காய்கறிக் கூடையில் வைத்து விற்பதால் அதனை ஒரு செடி என்றே பலரும் கருதுகின்றனர். அது செடியன்று, பூசண இனத்தைச் சேர்ந்தது. அதற்குப் பச்சையம் இல்லை. ஆகவே வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது. மட்கிய மரம், வைக்கோல், சருகு ஆகியவற்றினுள் நூலிழை போல் பரவி, அவற்றைக் கரைத்து, அச்சத்தை உறிஞ்சி வாழ்கின்றது. நாம் காணும் குடை அவ்வுயிரின் ஒரு பகுதியே. மாமரத்துக்கு மாங்கனி எவ்வாறோ, பூசண இழைகளுக்குக் காளான் குடை அவ்வாறு.

பழந்தமிழில் காளானுக்கு ஆம்பி என்பது பெயர். சமையல் மறந்த அடுப்பில் ஆம்பி பூத்ததைப் பெருந்தலைச் சாத்தனார் புறநானூற்றுப் பாடலொன்றில் வறுமையின் அடையாளமாகக் காட்டுகிறார். எரியாத அடுப்பின் ஈரத்தில் முளைத்ததாகச் சொல்லப்பட்ட காளானை, எரியும் அடுப்பில் ஏற்றி உண்ணும் காலம் இது.

சிப்பிக் காளான் என்பது பிளூரோட்டஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த பல வகைகளுக்குப் பொதுப்பெயர். குடையின் வடிவம் சிப்பியின் ஓட்டை ஒத்திருப்பதால் இப்பெயர் வந்தது. வெள்ளை, சாம்பல், மஞ்சள், இளஞ்சிவப்பு எனப் பல நிறங்களில் இவை உள்ளன. காம்பு குட்டையாக, நடுவில் அன்றி ஓரமாக அமைந்திருக்கும். குடையின் அடிப்பக்கத்து மடிப்புகள் காம்பின் மீதும் இறங்கி ஓடும். காம்பில் வளையமோ, அடியில் கிண்ணம் போன்ற உறையோ இராது. இயற்கையில் இது பட்ட மரங்களிலும் விழுந்த கிளைகளிலும் அடுக்கடுக்காக வளரும். வெறும் மண்ணிலிருந்து தனித்து எழும் குடை சிப்பிக் காளான் அன்று.

காட்டுக் காளானைப் பறிக்க வேண்டா

மேற்கண்ட அடையாளங்களைப் படித்ததும், "இனி நாமே பறித்துக்கொள்ளலாம்" என்று எண்ணிவிடக் கூடாது. அவை வாங்கும் காளானைப் புரிந்துகொள்வதற்கே. காட்டில் பறிப்பதற்கு அல்ல. தலைமுறை தலைமுறையாக ஒரு புற்றுக்காளானைப் பறித்துப் பழகிய முதியவர்கள் நம் ஊர்களில் உண்டு. ஆயினும் அப்பழக்கம் இல்லாதவர், அதிலும் வீட்டில் நோயாளி உள்ளவர், அம்முயற்சியில் இறங்குதல் தகாது.

இதற்கு ஜப்பான் நாட்டில் நிகழ்ந்தது ஒரு பாடம். சிப்பிக் காளானைப் போலவே வெண்மையாக, சிப்பி வடிவில், மட்கிய மரத்தில் அடுக்கடுக்காக வளரும் ஒரு காளானை அந்நாட்டினர் நெடுங்காலமாக உண்டு வந்தனர். அதன் பெயர் சுகிகிரதாகே. 2004 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அதனை உண்ட பலர் மூளை பாதிக்கப்பட்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். 17 பேர் உயிரிழந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் முன்பே சிறுநீரக நோய் உள்ளவர்கள். குளிர்நாட்டு ஊசியிலை மரங்களில் வளரும் அக்காளான் நம் காவிரிப் படுகையில் விளைவதில்லை. எனினும் அது உணர்த்தும் உண்மை நமக்கும் பொருந்தும்: அண்டை வீட்டார் உண்டு நலமாக இருக்கிறார் என்பது நோயாளிக்கும் அது தீங்கற்றது என்பதற்குச் சான்றாகாது.

நம் நாட்டிலும் இத்தகைய இழப்புகள் உண்டு. 2022 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அசாம் மாநிலத்தில் காட்டுக் காளான் உண்ட 13 பேர் சில நாள்களுக்குள் இறந்தனர்.

நச்சுக் காளானைக் கண்டறிய வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா என்று பார்ப்பதும், உடன் வேகும் பூண்டோ அரிசியோ நிறம் மாறுகிறதா என்று பார்ப்பதும், பூச்சி அரித்திருந்தால் நல்லது என்று நம்புவதும் வழக்கத்தில் உள்ளன. இவற்றுள் ஒன்றும் நம்பத்தக்கதன்று. உயிரைக் கொல்லும் அமடாக்சின் என்னும் நஞ்சு வேகவைப்பதாலும் அழிவதில்லை.

அந்நஞ்சின் போக்கு ஏமாற்றக்கூடியது. உண்டு 6 மணி நேரம் முதல் 24 மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. பின்னர் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கடுமையாக வரும். அடுத்து அவை தணிந்து, நோயாளி தேறிவிட்டது போல் தோன்றும். அந்த நேரத்தில்தான் கல்லீரல் உள்ளுக்குள் அழிந்துகொண்டிருக்கும். ஆகவே காட்டுக் காளான் உண்டபின் உடல்நலம் குன்றினால், "வாந்தி நின்றுவிட்டதே" என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. உடனே 108 ஐ அழையுங்கள் அல்லது மருத்துவமனைக்கு விரையுங்கள். உண்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய காளானைக் காகிதப் பையில் எடுத்து வாருங்கள். உடன் உண்டவர் அனைவரும், நலமாக இருப்பினும், பரிசோதனைக்கு வருதல் வேண்டும்.

வைக்கோல் விளைநிலமான வரலாறு

சிப்பிக் காளானை மனிதர் வளர்க்கத் தொடங்கியது முதல் உலகப் போர்க் காலத்தில். உணவுத் தட்டுப்பாட்டால் வாடிய ஜெர்மனியில், வெட்டிய மரத்தின் அடிக்கட்டைகளில் அதனை வளர்க்கும் முயற்சி நடைபெற்றது. மரம் குறைந்து நெல் மிகுந்த நம் நாட்டுக்கு அம்முறை எளிதில் பொருந்தாது. நமக்குரிய வழியை வைக்கோல் காட்டியது.

தமிழகத்தில் இவ்வழிக்கு முன்னோடி உண்டு. 1943 ஆம் ஆண்டிலேயே கோயம்புத்தூரில் தாமஸ் என்னும் அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் வேறோர் இனமாகிய வைக்கோல் காளானை வளர்த்துக் காட்டினர். 1962 ஆம் ஆண்டில் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜாகியா பானோ, ஸ்ரீவஸ்தவா ஆகியோர் நெல் வைக்கோலில் சிப்பிக் காளான் வளர்க்கும் முறையை வகுத்தனர். பின்னர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற வகைகளைத் தேர்ந்தெடுத்து, குடிலில் வளர்க்கும் எளிய முறையை உழவர்களிடையே பரப்பியது. இளஞ்சிவப்பு நிறமுள்ள ஏ.பி.கே. 1 அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையம் அளித்த வகை.

குறுவையும் சம்பாவும் தாளடியும் விளையும் தஞ்சைத் தரணியில் வைக்கோலுக்குக் குறைவில்லை. நெல் நமக்கு, வைக்கோல் மாட்டுக்கு என்றிருந்த பங்கீட்டில் காளானும் இப்போது ஒரு பங்காளி.

வளர்க்கும் முறை இதுவே. பூசணம் பிடிக்காத நல்ல வைக்கோலை 3 முதல் 5 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, 4 அல்லது 5 மணி நேரம் நீரில் ஊறவைக்கின்றனர். பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கொதிநீரில் வேகவைத்து, வேண்டாத கிருமிகளை அழிக்கின்றனர். கையால் பிழிந்தால் நீர் சொட்டாத, ஆனால் ஈரம் தெரிகின்ற பதத்தில் உலர்த்துகின்றனர். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள பாலித்தீன் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், அதன்மேல் சோளத்தில் வளர்த்த காளான் வித்து, மீண்டும் வைக்கோல் என அடுக்கி, வாயைக் கட்டித் தொங்கவிடுகின்றனர். இதற்குக் காளான் படுக்கை என்று பெயர்.

15 முதல் 20 நாள்களில் வெண்ணிற இழைகள் படுக்கை முழுதும் பரவிவிடும். அதன்பின் பையைக் கிழித்து, காற்றோட்டமும் ஈரப்பதமும் உள்ள அறைக்கு மாற்றி நாள்தோறும் நீர் தெளித்தால், சில நாள்களில் குண்டூசித் தலை போன்ற மொட்டுகள் தோன்றும். மேலும் மூன்று நாள்களில் அவை பறிக்கும் பருவம் அடையும். ஒரு படுக்கையில் ஏறத்தாழ ஒரு வார இடைவெளியில் மூன்று முறை அறுவடை செய்யலாம். 35 முதல் 45 நாள்களில் எல்லாம் முடிந்துவிடும். மிஞ்சிய வைக்கோல் நல்ல உரம்.

இம்முறையை நோயாளியின் குடும்பத்தார் அறிய வேண்டியது ஏன்? காளான் தான் வளரும் பொருளில் உள்ளதை உறிஞ்சி வாழ்வது. நல்லதை மட்டுமன்று, காட்மியம் போன்ற கன உலோகங்களையும் அது ஈர்த்துக்கொள்ளும். மேலும் சிலர் வைக்கோலை வேகவைப்பதற்கு மாறாக ஃபார்மலின், கார்பன்டாசிம் போன்ற இரசாயனங்கள் கலந்த நீரில் ஊறவைத்தும் கிருமி நீக்குகின்றனர். ஆகவே வாங்குமிடத்தில் "வைக்கோலை வேகவைத்து வளர்த்ததா?" என்று கேட்பது தவறன்று. அருகிலுள்ள வளர்ப்பாளரைத் தெரிந்து வாங்குவது மிக நன்று.

வீட்டில் வளர்க்க எண்ணுவோருக்கு ஓர் எச்சரிக்கை

நோயாளியைக் கவனிப்பதற்காக வேலையை விட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் பலர் சிறு வருவாய்க்காகக் காளான் வளர்க்க விரும்புகின்றனர். நல்ல எண்ணமே. வேளாண் அறிவியல் நிலையங்களில் பயிற்சி குறித்து விசாரிக்கலாம். ஆனால் படுக்கைகளை எங்கே தொங்கவிடுவது என்பதில் கவனம் தேவை.

முதிர்ந்த சிப்பிக் காளான், சிதல் எனப்படும் நுண்தூளைப் பெருமளவில் காற்றில் உதிர்க்கும். அதனைத் தொடர்ந்து சுவாசிப்போருக்கு இருமல், காய்ச்சல், மூச்சுத்திணறல் ஆகியவற்றுடன் நுரையீரல் ஒவ்வாமை அழற்சி ஏற்படக்கூடும். காளான் தொழிலாளர்களிடையே நன்கு அறியப்பட்ட நோய் இது. ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் ஆகியவை உள்ளவர் படுத்திருக்கும் அறையிலோ அதை ஒட்டிய அறையிலோ காளான் வளர்க்கவே கூடாது. இடநெருக்கடி மிகுந்த, தறியும் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் வாழும் வீடுகளில் இது மிகவும் முக்கியம். கொல்லையில் தனிக் குடில் அமைக்க இயலாவிடில், இத்தொழிலை ஒத்திவைப்பதே நன்று. வளர்ப்போர் அறுவடையின்போது முகக்கவசம் அணிய வேண்டும். குடையின் ஓரம் மேல்நோக்கி விரிவதற்கு முன்பே பறித்துவிட வேண்டும்.

சத்து எவ்வளவு, புகழ்ச்சி எவ்வளவு?

100 கிராம் பச்சைச் சிப்பிக் காளானில் ஏறத்தாழ 33 கலோரியும், 3.3 கிராம் புரதமும், 2.3 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. கொழுப்பு அரை கிராமுக்கும் குறைவு. சோடியம் மிகக் குறைவு. பி வகை உயிர்ச்சத்துகளுள் நயாசின் நன்கு உண்டு. கலோரி குறைவு, நார்ச்சத்து உண்டு என்பதால் நீரிழிவு உள்ளவரும் உடல் எடையைக் குறைக்க விரும்புவோரும் தாராளமாக உணவில் சேர்த்துக்கொள்ளத் தக்கது.

"இறைச்சிக்கு நிகரான புரதம்" என்னும் விளம்பரத்தை மட்டும் அப்படியே நம்ப வேண்டா. உலர்ந்த காளானின் எடையைக் கொண்டு கணக்கிட்டால் புரதத்தின் விழுக்காடு உயர்வாகத் தோன்றும். நாம் வாங்கும் காளானிலோ பத்தில் ஒன்பது பங்கு நீர். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உள்ளது. அந்த அளவைப் பெற 200 கிராமுக்குச் சற்றுக் குறைவான காளான் வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் புரதம் மிகுதியாகத் தேவைப்படுபவருக்குக் காளான் துணையாகலாம். பருப்புக்கும் முட்டைக்கும் பாலுக்கும் மாற்றாகாது.

காளானிலுள்ள எர்கோஸ்டிரால் என்னும் பொருள் வெயில் பட்டால் டி உயிர்ச்சத்தாக மாறும். சமைப்பதற்கு முன் கீழ்ப்பக்க மடிப்புகள் மேலே தெரியும்படி அரை மணி நேரம் நண்பகல் வெயிலில் வைத்தெடுத்தால் அப்பயன் கிட்டும். சிப்பிக் காளானில் கொழுப்பைக் குறைக்கும் லோவாஸ்டாட்டின் என்னும் பொருள் சிறிதளவு இயற்கையாகவே உள்ளது. அதனைக் கேள்வியுற்று, மருத்துவர் எழுதிய மாத்திரையை நிறுத்திவிட்டுக் காளான் உண்ணத் தொடங்குவது பெருந்தீங்காகும். உணவு உணவே; மருந்து மருந்தே.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சிறுநீரக நோயாளிகள்: 100 கிராம் சிப்பிக் காளானில் ஏறத்தாழ 420 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளது. இது நடுத்தர அளவுள்ள ஒரு வாழைப்பழத்தில் உள்ள அளவு. பாஸ்பரசும் 120 மில்லிகிராம் அளவில் உண்டு. இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்வோர் உணவியல் வல்லுநரின் அனுமதியின்றி உண்ண வேண்டா. அனுமதி கிடைத்தாலும், நிறைய நீரில் வேகவைத்து அந்நீரைக் கொட்டிவிட்டு, சொன்ன அளவு மட்டும் உண்ண வேண்டும். இவர்களுக்குக் காளான் சூப் ஏற்றதன்று. கரைந்த பொட்டாசியம் முழுதும் அச்சாற்றில்தான் இருக்கும்.

யூரிக் அமிலம் மிகுந்து மூட்டுவலி உள்ளோர்: காளானில் பியூரின் நடுத்தர அளவில் உள்ளது. மருத்துவரைக் கேட்டு அளவோடு உண்ணலாம்.

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரும், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டோரும்: நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த இக்காலத்தில் அரைவேக்காட்டுக் காளானைத் தொடவே கூடாது. நன்கு வெந்ததை, சமைத்த உடனே, சூடாக உண்ண வேண்டும்.

வயிற்று அறுவைச் சிகிச்சைக்குப் பின் தேறி வருவோரும் முதியோரும்: காளானின் செல்சுவர் கைட்டின் என்னும் கடினப் பொருளால் ஆனது, எளிதில் செரிக்காது. மென்மையான குடைப் பகுதியை மட்டும் பொடியாக நறுக்கி, நன்கு மென்று உண்ணச் செய்யுங்கள்.

முதன்முறையாக உண்போர்: இரண்டு மூன்று துண்டுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தோல் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

அடுப்படியில்

வாங்கும்போது குடை உறுதியாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். பிசுபிசுப்பு, பழுப்பேறிய நிறம், புளித்த வாடை ஆகியவை கெட்டுப்போனதன் அறிகுறி. காம்பின் அடியில் வெண்பஞ்சு போல் காணப்படுவது காளானின் இழையே, அது தீங்கற்றது. வீட்டுக்கு வந்ததும் காகிதத்தில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, இரண்டு நாள்களுக்குள் சமைத்துவிடுவது நன்று.

சமைக்கும் முன் ஓடும் நீரில் விரைவாக அலசினால் போதும். ஊறவைத்தால் நீரை உறிஞ்சிச் சுவை கெடும். காம்பின் கடினமான அடிப்பகுதியை வெட்டி நீக்குங்கள். பச்சையாக உண்ணலாகாது. பச்சைச் சிப்பிக் காளானில் இரத்த அணுக்களைச் சிதைக்கும் தன்மையுள்ள ஒரு புரதம் உண்டு. வெப்பத்தில் அது செயலிழந்துவிடும்.

நோயிலிருந்து தேறி வருபவருக்கு ஏற்ற ஓர் எளிய பக்குவம் சொல்கிறோம். 100 கிராம் காளானைக் கையால் நீளவாக்கில் கிழித்துக்கொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் சீரகம் பொரியவிட்டு, பொடியாக நறுக்கிய பத்துச் சின்ன வெங்காயம், நான்கு பல் பூண்டு, சிறிது கறிவேப்பிலை சேர்த்து வதக்குங்கள். காளானையும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளையும் சேர்த்தால் அதுவே நீர் விடும். தனியாக நீர் ஊற்ற வேண்டா. மூடிவைத்துச் சிறுதீயில் 10 நிமிடம் வேகவிட்டு, நீர் வற்றியதும் அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள் தூவி இறக்குங்கள். காளானுக்கு இயல்பாகவே சாறுள்ள சுவை உண்டு. ஆகையால் உப்பு வழக்கத்தில் பாதி போதும். இரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு இது ஒரு நற்பயன். குழைந்த சோற்றோடும் ரசத்தோடும் பிசைந்து கொடுக்கலாம்.

இனி, "அப்பாவுக்குக் காளான் கொடுக்கலாமா?" என்னும் கேள்விக்குத் திரும்புவோம். வரப்பில் பறித்தது எனில், வேண்டா. தெரிந்த வளர்ப்பாளரிடம் புதிதாக வாங்கியது எனில், அப்பாவின் நோய் எது என்று பாருங்கள். சிறுநீரகமோ யூரிக் அமிலமோ தொல்லை தருவதாயின், எங்களிடம் ஒரு சொல் கேட்டபின் கொடுங்கள். மற்றவர்க்கு, நன்கு வேகவைத்து, மிளகு தூவி, மனநிறைவோடு பரிமாறுங்கள். மருத்துவரைக் காண வரும்போது, உணவைப் பற்றிய உங்கள் ஐயங்களையும் தயங்காது கேளுங்கள். சீட்டில் எழுதும் மருந்தைப் போலவே, தட்டில் இடும் சோறும் சிகிச்சையின் ஒரு பகுதியே.